மேடே இல்லாத மாத்தளை

மாத்தளை டவுன்ல மருந்துக்குக்கூட ஒரு மேடு கெடையாதுன்னு சத்தியம் பண்ணின மனுஷன் ஒருத்தர் எங்க வீட்டுப் பின்னறையில வாடகைக்கி இருந்தாரு. எங்க வீடே ஒரு மேட்டு மேலதான் இருக்கு. மழ நேரத்துல வாசல்ல செருப்பக் கழட்டி விட்டா, அது நமக்கு முன்னாடி டவுனுக்குப் போய்ச் சேந்துரும். அப்பிடியான எடத்துல ஒக்காந்துகிட்டு, ஃபோனக் காதுல வச்சிக்கிட்டு, "இஞ்சரும், மலையோ? ஆர் சொன்னது? இது மட்டமான ஊர்" ன்னு அவரு சொல்றத என் ரெண்டு காதாலயும் கேட்டிருக்கேன். ஒரு நாளா ரெண்டு நாளா? மாசக் கணக்கா கேட்டேன்.

பேரச் சொல்ல மாட்டேன். யாழ்ப்பாணத்துக்காரரு, அங்கயிருந்து இங்க ஒரு கவர்மென்ட் கந்தோருக்கு வேல மாத்தலாகி வந்தவரு, நாங்க மரியாதைக்கி சேர்னு கூப்புடுவோம், அது போதும். இப்ப பென்ஷன் எடுத்துட்டு ஊருக்குப் போய்ட்டாரு. பேர எழுதினேன்னு வைங்க, நாளைக்கே ஃபோன் எடுத்து, "தங்கச்சி, எழுதினது சந்தோசம், ஆனா ஊர் மட்டமெண்டதை மட்டும் நீங்கள் மறுக்கக்கூடாது" ன்னு ஆரம்பிச்சிருவாரு.

எங்க வீட்டு முன்னறையில நான் ஒரு சின்னப் பார்லர் வச்சிருக்கேன். புருவம் எடுக்கிறது, முடி வெட்டுறது, கல்யாணப் பொண்ணு அலங்காரம், இப்பிடி. முன்னறைக்கும் அவரு அறைக்கும் நடுவுல இருக்கிறது வெறும் பலகச் செவுரு. பின்னேரம் கந்தோர் விட்டு, ஊரச் சுத்திப் பாத்துட்டு, வந்ததும் வராததுமா மனுஷிக்கு, அதான் பொண்டாட்டிக்கு, ஃபோன் எடுப்பாரு. ஃபோனே இல்லாட்டியும் யாழ்ப்பாணத்துக்குக் கேக்குற தொண்ட. இன்னிக்கி என்ன சாப்புட்டாரு, எந்தக் கடையப் புதுசாக் கண்டுபுடிச்சாரு, யாரோட கதைச்சாரு, எல்லாம் வரும். அந்த நேரத்துலதான் என் பார்லர்லயும் கூட்டம் கூடும். அந்தக் கூட்டம் எனக்காக மட்டும் கூடலங்கிறதையும் சொல்லிரணும்.

ஒரு நாள் ஒரு சிங்கள டீச்சருக்குப் புருவம் எடுத்துகிட்டு இருக்கேன். நூலு பல்லுல, கண்ணு புருவத்துல. அந்தப் பக்கத்துலேருந்து சேர் சொல்றாரு: "தட்டை. சொன்னா நம்பும். கரம் போட் மாதிரித் தட்டை." எனக்கு அடக்க முடியல. நூலு இழுபட்டு டீச்சரோட எடது புருவத்துல ஒரு சந்து விழுந்திருச்சு. தமிழு கொஞ்சம் தெரிஞ்ச டீச்சர். கோவிக்கப் போறாங்கன்னு பயந்து போய் நிக்கிறேன், அவங்க கண்ணாடியப் பாக்காம செவுத்தப் பாத்து, "கரம் போட்?" ன்னு கேட்டுட்டு வயித்தப் புடிச்சிகிட்டு சிரிக்கிறாங்க. பென்சில்ல வரைஞ்சுதான் அனுப்பினேன்.

விஷயம் இதுதான். சேருக்குப் பென்ஷனுக்கு இன்னும் ரெண்டு மூணு வருஷம் கெடந்திச்சு. திரும்பி ஊருக்கே மாத்தல் கேட்டுக் கேட்டு அலுத்துட்டாரு, கெடைக்கல. ஒரே மக வெளிநாட்டுல. மனுஷி அங்க தனியா, இவரு இங்க தனியா. அந்த அக்கா இங்க வந்து கூட இருந்தா முடிஞ்சிச்சு தானேன்னு கேப்பீங்க. அங்கதான் சிக்கல். அக்காவுக்கு முழங்கால் பழுது. ஓட்டோ ஒண்ணு பெரண்டு விழுந்ததுல போன முழங்கால். அதுலேருந்து ஓட்டோவக் கண்டாலே ஒதுங்கிப் போவாங்களாம். வாசல்ல ஒண்ணு ரெண்டு படின்னா சமாளிச்சிருவாங்க, படிக்கட்டுன்னா உயிர் போயிருமாம். அதுலயும் ஏர்றத விட எறங்குறதுதான் கொடுமையாம். சேருக்கு மலைநாட்டுக்கு மாத்தல்னு கேட்ட அன்னிக்கே, "மலையெண்டா நான் வரமாட்டன்" ன்னு ஒரே பேச்சா முடிச்சிட்டாங்க. இவரு பதறிப் போய் வாயத் தொறந்தாரு: "மாத்தளை மலையில்லை." அந்த ஒரு பொய்ய விழாம நிப்பாட்டி வைக்க அந்த மனுஷன் பட்ட பாடு இருக்கே, அப்பப்பா!

முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கிறவங்களப் பாத்திருக்கேன். இவரு மலைய மறைச்சாரு. ஆனா அதுலயும் அவருக்கு ஒரு நேர்ம இருந்திச்சு. மனுஷிகிட்ட அந்த ஒரு பொய்யத் தவிர வேற பொய் சொல்லக் கூடாதுன்னு கங்கணம் கட்டிகிட்டாரு. அதனால 'ஏத்தம்'ங்கிற வார்த்தையே அவரு வாயில வராது. மேடுன்னா "காத்துப் பிடிக்கிற இடம்". பள்ளம்னா "குளிர்மையான இடம்". கொண்ட ஊசி மாதிரித் திரும்பி ஏறுற ரோடு "கொஞ்சம் வளைவு". ஒரு தடவ யட்டவத்தப் பொலைக்கி, அதான் வாரச் சந்தைக்கி, பஸ்ல போய்ட்டு வந்தாரு. அந்த ரோட்டுல போனா, குடிச்ச ப்ளேன்டீ கழுத்து வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போகும். ஃபோன்ல சொல்றாரு: "நல்ல பாதை. தொட்டில் ஆட்டின மாதிரி. எனக்குக் கண்ணே மூடிட்டுது. கத்தரிக்காய் எண்டா என்ன சோக்கான கத்தரிக்காய்!" கண்ணு மூடினது உண்மதான். வந்து எறங்கி எங்க வீட்டு கொய்யா மரத்தப் புடிச்சிகிட்டு கண்ண மூடி நின்னாரு. எலுமிச்சங்காய வெட்டி மோந்து பாக்கக் கொடுத்தது நான்தான்.

சைக்கிள் கத தனிக் கத. யாழ்ப்பாணத்துலேருந்து வரும்போதே சைக்கிளயும் பஸ்ல ஏத்திக்கிட்டு வந்துட்டாரு. மாத்தளையிலயும் சைக்கிள் ஓட்டுறவங்க இருக்காங்க, இல்லன்னு சொல்லல, ஆனா அவங்க யோசிச்சு ஓட்டுறவங்க. சேர் தட்டையான நாட்டுல பொறந்து வளந்தவரு. காலையில ஏறி ஒக்காந்தாருன்னா ஒரு மிதி மிதிக்கத் தேவையில்ல, பிரேக்கப் புடிச்சிகிட்டே கந்தோர் வாசலுக்குப் போய் நிப்பாரு. லீவு நாள்ல ஊர் பாக்கப் போனாலும் அப்பிடித்தான், ரோடு எந்தப் பக்கம் சரியுதோ அந்தப் பக்கம். அதனால அவரு கண்டுபுடிச்ச பழக்கட, மீன்கட, தயிர்கட எல்லாமே எங்க வீட்டுக்குக் கீழதான் இருந்திச்சு. எங்க வீட்டுக்கு மேல ஒரு மாத்தளை இருக்குன்னே அவருக்குத் தெரியாது.

"சேர், வரும்போது தள்ளிகிட்டுத்தானே வர்றீங்க, அப்புறம் எதுக்கு சைக்கிள்?" ன்னு ஒரு நாள் கேட்டுட்டேன்.

"போகேக்கை நான் அதிலை போறன், வரேக்கை அது என்னோடை வருது. இதிலை என்ன அநியாயம், தங்கச்சி?" ன்னாரு.

ஒரு நாள் அப்பிடியே சரிவு கூட்டிப் போக, கூட்டிப் போக, நாவுலப் பக்கமே போய்ட்டாரு. திரும்பி வர வழியில்ல. தம்புள்ளையிலேருந்து வந்த ஒரு வெங்காய லொறிய மறிச்சு, சைக்கிள மூட்ட மேல ஏத்தி, தானும் ஏறி வந்துட்டாரு. ஃபோன்ல, "வரேக்கை ஒரு சிநேகிதர்ட வாகனத்திலை வந்தனான்" ன்னு பெருமையாச் சொன்னாரு. சிநேகிதர் பேரு என்னன்னு அந்தப் பக்கத்துல கேட்டிருப்பாங்க போல. "வெங்காய வியாபாரி" ன்னாரு. அறையில வெங்காய வாட போக ஒரு கெழம ஆச்சு. எங்க வீட்டுக்காரரு அதுக்குப் பெறகு பின்னேரமானா, "வெங்காயம் வந்து சேந்திருச்சா?" ன்னுதான் கேப்பாரு.

சாப்பாட்டு விஷயத்துல இன்னும் மோசம். எந்தக் கடையில எது ருசின்னு அவருகிட்ட கேட்டுப் பிரயோசனம் இல்ல. பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடையில ரோல்ஸ் அவ்வளவு நல்லாயிருக்கும், ஊரே வரிசையில நிக்கும். சேர் மட்டும் மூஞ்சச் சுளிப்பாரு. ஏன்னா அந்தக் கடைக்கி ஏறப் படி இருக்கு, புடிச்சிக்க கம்பி இல்ல. அதே நேரம், ஒரு மூலையில புதுசாத் தொறந்த ஜூஸ் கடையில பப்பாசி ஜூஸ் தண்ணி மாதிரி, அதுல சீனிய வேற அள்ளிப் போட்டிருப்பான். அதப் பத்தி ஃபோன்ல சொல்றதக் கேட்டா தேவாமிர்தம்னு நெனப்பீங்க. "இருக்கக் கதிரை கிடக்கு. முதுகு சாயிற கதிரை. வாசலிலை ஒரு படியும் இல்லை. நேர போய் இருக்கிறதுதான்." ஜூஸப் பத்தி ஒரு வார்த்த இல்ல. வஹகோட்டையில பழைய சேர்ச் ஒண்ணு இருக்கு, நம்பி எல்லாச் சமயத்து ஆளுங்களும் போவாங்க. இவரும் போனாரு. வந்து ஃபோன்ல, "கும்பிட்டனான், ஓம் ஓம், உமக்கும் சேத்துத்தான் கும்பிட்டனான். ஆனா வளவைப் பாக்கவேணும் நீர்! என்ன மாதிரிச் சமன்!" ன்னாரு. பார்லர்ல இருந்த பொண்ணு ஒண்ணு, "அக்கா, இவரு ரோடு போடுற கொந்துராத்துக்காரரா?" ன்னு கேட்டிச்சு.

சிரிச்சோம். நல்லாச் சிரிச்சோம். ஆனா எனக்கு உள்ளுக்குள்ள ஒரு பயமும் இருந்திச்சு. நாளைக்கி அந்த அக்கா நம்பி வந்து எறங்கிட்டாங்கன்னா? இந்தச் சரிவுல கால வச்சு விழுந்துட்டாங்கன்னா? யாரு பாக்குறது? ஒரு நாள் பொறுக்க முடியாம அவரு அறை வாசல்லயே போய் நின்னு கேட்டேன்.

"சேர், கோவிச்சுக்காதீங்க. அக்காவ இப்பிடி ஏமாத்திக் கூட்டிட்டு வந்து விழுத்தவா போறீங்க? உண்மையச் சொல்லிருங்களேன்."

அவரு அடுப்புல சோத்துச் சட்டிய எறக்கிகிட்டு இருந்தாரு. திரும்பிப் பாக்காம சொன்னாரு: "உண்மையைச் சொன்னா வரமாட்டா, தங்கச்சி."

"வராட்டி என்ன சேர், ரெண்டு மூணு வருஷம் தானே?"

"உங்களுக்கு அது ரெண்டு மூண்டு வருசம். நான் தனிய இருந்து சாப்பிடேக்கை ஒரு கவளத்துக்கும் அடுத்த கவளத்துக்கும் இடையிலை எவ்வளவு நேரம் கிடக்கெண்டு தெரியுமோ? என்ன சமைச்சனீங்கள், உப்புக் காணுமோ, இப்பிடிக் கேக்க ஒரு மனிசர் வேணும். ஃபோனிலை கேக்கிறா தான். ஆனா ஃபோன் எடுத்து ருசி பாக்குமோ?"

நேரா என் அடுப்படிக்கித் திரும்பி வந்தேன். கொஞ்சம் கோழிக் கறி இருந்திச்சு, ஒரு கிண்ணத்துல ஊத்தி அவருக்குக் கொண்டு போனேன். எரிச்சல் போகாததால கிண்ணத்த நங்குனு வச்சேன்.

ஆனா நான் சொன்னது அவரு மனசுல தச்சிருக்கு. அடுத்த ஞாயித்துக்கெழம காலையில, சேர் வாசல்ல நிக்கிறாரு. இஸ்திரி போட்ட கால்சட்ட, பளபளன்னு சப்பாத்து, வலது முழங்கால்ல மட்டும் கால்சட்டைக்கி மேல கோடு போடுற மர அடிமட்டம் ஒண்ண வச்சு பஞ்சுத்துணியால இறுக்கிச் சுத்திக் கட்டியிருக்காரு. கால் மடங்க வழியே இல்ல. "என்ன சேர், விழுந்துட்டீங்களா?" ன்னு ஓடினேன். "இல்லை, இல்லை. நான் இண்டைக்கு அவ. அவ எப்பிடி நடப்பாவோ அப்பிடி நடந்து பாக்கப் போறன். ஊர் மட்டமெண்டு சொல்லிப்போட்டன். மட்டமா ஒரு வழி இல்லாமலோ போகும்? எங்கையாவது கிடக்கும், தேடுவம்" ன்னுட்டு, ஒரு காலு மரக்கட்ட மாதிரி விறைச்சு நிக்க, நொண்டி நொண்டி எறங்கிப் போறாரு.

அந்த முதுகப் பாத்துகிட்டே நின்னேன். சிரிப்பு வரல. அன்னிக்கித்தான் எனக்கு அந்த மனுஷன் மேல ஒரு கூடப்பொறந்தவர் மேல வர்ற பாசம் வந்திச்சு.

ஆனா ஊரு சும்மா விடுமா? எதிர்ல வந்தவங்கள்லாம் "மொகத சேர் கக்குலட?" ன்னு, கால்ல என்னன்னு, சிங்களத்துல நிறுத்தி விசாரிச்சாங்க. அரை டவுனு தடவுற எண்ணெயோட பேரச் சொல்லிச்சு, மீதி டவுனு வைத்தியர் பேரச் சொல்லிச்சு. இவரு எல்லாத்துக்கும் தலையாட்டி, எல்லாரு கிட்டயும் ஒரே கேள்வி கேட்டாரு: "படி இல்லாமக் கோயில் றோட்டுக்குப் போக வழி கிடக்கோ?" அப்பிடி ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழமையா நொண்டி, நான் பொறந்து வளந்த ஊர்ல நானே காணாத ஒரு மாத்தளைய அந்த மனுஷன் கண்டுபுடிச்சாரு.

எங்க வீட்டுக்குப் பின்னால ஒரு சிங்கள அம்மாவோட மெளகுத் தோட்டம். அதுக்குள்ள மலைய ஒட்டி, ஏறாம எறங்காம, ஒரு ஒத்தயடிப் பாத சுத்திச் சுத்திப் போகுது. அந்தம்மா வீட்டு நாய்ங்க யாரையும் விடாது. சேர் பிஸ்கட் போட்டுப் போட்டு அதுங்களக் கைக்குள்ள போட்டுகிட்டாரு. கடைசியில அதுங்க எங்களப் பாத்துக் குரைக்கும், சேரப் பாத்து வாலாட்டும். அந்தப் பாத மெதுமெதுவா கீழ் ரோட்டுக்குக் கொண்டு போய் விடும். கோயில் ரோடு மேல இருக்கு. ரெண்டுக்கும் நடுவுல இருக்கிறது ஒரே படிக்கட்டு, செங்குத்தா. அங்க வந்து சேர் முட்டிகிட்டு நின்னாரு.

அந்தப் படிக்கட்டுக்குப் பக்கத்துல ஒரு நானாவோட, அதான் முஸ்லிம் அண்ணன் ஒருத்தரோட, ஹாட்வெயார் கட. முன் வாசல் மேல கோயில் ரோட்டுல, பின் வாசல் கீழ் ரோட்டுல. உள்ளுக்குள்ள சிமெந்து மூட்டையையும் பெயின்ட் பீப்பாவையும் உருட்டி எறக்க, அகலமா நீளமா ஒரு சாய்வுப் பாத. பின் கதவு தொறந்திருந்த ஒரு நாள் சேர் அதக் கண்டுட்டாரு. அமெரிக்காவக் கண்ட கொலம்பஸுக்குக் கூட அந்தச் சந்தோஷம் வந்திருக்காது. நேரா உள்ள போய், கால்ல கட்டோட, கத பூராவையும் நானாகிட்ட ஒப்பிச்சிருக்காரு. நானா மனசு எளகிட்டாரு.

"சேர், ஒங்கட ஊட்டுக்காரவங்க வந்தா ஒரு யோசனையும் வாணாம், எங்கட கடைக்குள்ளால வாங்கொ, போங்கொ. இது ஒங்கட ஊடு மாதிரி. நான் ஒரு நாளும் கடைய மூடுறல்ல."

சொன்னதோட நிக்கல. சாய்வுல வழுக்காம இருக்க சாக்கு விரிச்சு ஆணி அடிச்சாரு, புடிச்சிக்க ஒரு கயிறு கட்டினாரு, பாதி வழியில ஒரு பிளாஸ்டிக் கதிரையும் போட்டு வச்சாரு. சேர் எனக்கு அதக் கூட்டிட்டுப் போய்க் காட்டினாரு. கண்ணு கலங்கியிருந்திச்சு அவருக்கு. எனக்கும்தான்.

இத்தன நாளா "பாப்பம், பாப்பம்" ன்னே சொல்லிகிட்டு இருந்த அக்கா, ஒரு பின்னேரம் திடீர்னு, "நான் வாறன்" ன்னுட்டாங்க. சொந்தக்காரங்க வான் ஒண்ணு கண்டிக்கி வருதாம், அதுல வந்து மூணு நாள் நிப்பாங்களாம், ஞாயித்துக்கெழம அந்த வான்லயே திரும்பிப் போயிருவாங்களாம். சேர் தலைக்கி மேல கையத் தூக்கிகிட்டு பார்லருக்குள்ளயே ஓடி வந்துட்டாரு. தலைக்கி மருதாணி போட்டு ஒக்காந்திருந்த பொண்ணு அலறியடிச்சு எந்திரிச்சிருச்சு. "மூண்டு நாள், தங்கச்சி! மூண்டு நாளைக்கு ஊரை மட்டமா வச்சிருந்தாக் காணும். பிறகு இருந்திடுவா!"

வியாழக்கெழம பின்னேரம் வான் வந்திச்சு. எங்க வீட்டு ஏத்தத்துல முக்கி மொனகி, பொகையக் கக்கிகிட்டு ஏறிச்சு. அக்கா எறங்கினாங்க. மெலிஞ்ச உருவம், பெரிய கண்ணு, கையில ஒரு பை நெறைய முருங்கக்கா. வந்த வழியத் திரும்பிப் பாத்தாங்க. சேர் முந்திகிட்டு, "எங்கட வாசலுக்கு மட்டும்தான் கொஞ்சம் காத்துப் பிடிக்கும்" ன்னாரு. அக்கா அவரு மூஞ்சிய, நெஞ்ச, ஒரு தடவ மேலயிருந்து கீழ வரைக்கும் உத்துப் பாத்தாங்க. அவ்வளவுதான்.

மறுநாள் வெள்ளிக்கெழம, சேர் கந்தோருக்கு லீவு போட்டுட்டாரு. அம்மன் கோயிலுக்குப் போறதுன்னு முடிவு. வெள்ளிக்கெழமன்னா சேருக்குக் கோயில்தான், வேற யோசனையே வராது. பார்லரச் சாத்திட்டு நானும் கூடப் போனேன். வேடிக்க பாக்கத்தான், வேறென்ன. தோட்டத்துப் பாதையில மூணு பேரும் மெதுவா நடந்தோம். நாய்ங்க வாலாட்டிச்சு. அக்கா மெளகுக் கொடியத் தொட்டுத் தொட்டுப் பாத்தாங்க. சேர் முன்னால போய்க் கல்ல ஒதுக்குறாரு, பின்னால வந்து கைய நீட்டுறாரு, கல்யாண வீட்டு மாப்புள தோழன் மாதிரி ஓடுறாரு. நானா கடைப் பின் கதவுல நின்னு, "வாங்கொ, ராத்தா, வாங்கொ!" ன்னு வரவேத்தாரு. அக்கா கயித்தப் புடிச்சிகிட்டு ஏறி, பாதியில கதிரையில ஒக்காந்து, நானா கொடுத்த இஞ்சித் தேத்தண்ணியக் குடிச்சு, மேல கோயில் ரோட்டுக்கு வந்துட்டாங்க. ஒரு படி இல்ல! சேர் என்னைப் பாத்து ஒரு பார்வ பாத்தாரு பாருங்க, பரிச்சையில முதலாவதா வந்த பிள்ள மாதிரி.

கோயில்ல அன்னிக்கி விசேஷ அபிஷேகம். பத்து பத்தரைக்கி வெளிய வந்துரலாம்னு நான் நெனச்சிருந்தேன், பூச இழுத்துகிட்டே போச்சு. நடு மத்தியானம் வெளிய வந்தோம். மூணு பேரும் நானா கடைக்கி நடந்து வந்து பாத்தா, ஷட்டர் கீழ எறக்கி, பெரிய பூட்டு தொங்குது.

சேர் ஓடிப் போய் ஷட்டரத் தட்டுறாரு. "நானா! நானா! ஒரு நாளும் மூடமாட்டன் எண்டவர்!"

எனக்கு அப்பத்தான் ஒறச்சிச்சு. "சேர், தட்டாதீங்க. வெள்ளிக்கெழம. ஜும்ஆத் தொழுகைக்கிப் போயிருப்பாரு."

சேர் நெத்தியில அடிச்சிகிட்டாரு. வாரக் கணக்கா ரெண்டு பேரும் கதிரையப் பத்திப் பேசியிருக்காங்க, கயித்தப் பத்திப் பேசியிருக்காங்க. வெள்ளிக்கெழமையப் பத்தி ஒருத்தரும் பேசல. நானாவுக்கு ஜும்ஆவுக்கு மூடுறது மூடுறதிலயே சேத்தியில்ல. சேருக்கு வெள்ளிக்கெழமன்னா அம்மனத் தவிர வேற யாரும் ஞாபகத்துல இல்ல. பள்ளிவாசல் பக்கம் வெள்ளத் தொப்பியாத் தெரியுது. வெயில் மண்டையப் பொளக்குது. பக்கத்துல அந்தப் படிக்கட்டு, கெணத்துக்குள்ள எறங்குற மாதிரி கீழ போகுது.

அக்கா அதோட விளிம்புக்குப் போய் எட்டிப் பாத்தாங்க. "இதாலை இறங்கினாத்தானே நாங்கள் வந்த றோட்டு?"

சேர், அத்தன பெரிய தொண்டைக்காரரு, பக்கத்துல நின்ன எனக்கே கேட்டும் கேக்காத மாதிரி சொன்னாரு: "நான் உமக்குப் பொய் சொல்லிப்போட்டன். இது மட்டமான ஊரில்லை. மலைதான். எங்கை பாத்தாலும் ஏத்தமும் இறக்கமும்தான். உம்மைக் கூட்டி வரவேணும் எண்ட ஆசையிலை சொல்லிப்போட்டன்."

"எனக்குத் தெரியும்" ன்னாங்க அக்கா.

"எப்பிடி?"

"நாளாந்தம் பின்னேரம் மூச்சு இளைக்க இளைக்க ஃபோன் எடுக்கிறீங்கள். ஒரு சொல்லுக்கு ஒரு மூச்சு. மட்டமான ஊரிலை ஆர் அப்பிடி இளைக்கிறது? முதல்லை சிரிப்பாத்தான் கிடந்தது. இப்ப கொஞ்ச நாளா இளைப்புக் கூடிப்போச்சு. நான் ஊர் பாக்க வரேல்லையப்பா. உங்கட நெஞ்சுக்கு ஏதும் வந்திட்டுதோ எண்டு பாக்கத்தான் முழங்காலையும் இழுத்துக்கொண்டு வந்தனான்."

பலகச் செவுத்துக்கு இந்தப் பக்கம் எங்களுக்கு அவரு போட்ட சத்தம் மட்டும்தான் கேட்டிச்சு. ஊரே கூடி நின்னு சிரிச்சோமே, அந்த மூச்சு ஒருத்தருக்கும் கேக்கலையே. சேர் கையில இருந்த அர்ச்சனத் தட்ட என்கிட்ட கொடுத்துட்டு, ஷட்டர்ல சாஞ்சு தரையில ஒக்காந்து, சால்வையால மூஞ்சிய மூடிகிட்டாரு. அப்பிடியே உள்ளேருந்து கேட்டாரு: "அப்ப ஞாயிற்றுக்கிழமை வானிலை போறீரோ?"

அந்த நேரம் பாத்து நானா தலையில தொப்பியோட ஓடி வர்றாரு. "அல்லாஹ்வே, வெயில்ல நிக்க வச்சிட்டேனே! மன்னிச்சுக்கோங்கொ ராத்தா!" பூட்டத் தொறந்து, ஷட்டரத் தூக்கி, லைட்டப் போட்டாரு. கயித்தப் புடிச்சிகிட்டு அக்கா முன்னால எறங்குறாங்க, சேர் பின்னால தலையத் தொங்கப் போட்டுகிட்டு வர்றாரு. பாதி வழியில அக்கா கதிரையில ஒக்காந்து, முழங்காலத் தடவி விட்டுகிட்டு, அவர நிமிந்து பாத்தாங்க.

"இனிப் பின்னேரத்திலை ஃபோன் எடுக்கத் தேவையில்லை. சைக்கிளைச் சாத்திப்போட்டு, இருந்து, ஆறுதலா மூச்சை வாங்கி முடியுங்கோ. பிறகு உள்ளுக்கு வந்து கதையுங்கோ. நான் வீட்டிலைதான் இருப்பன்."